பெருங்குடற் பரிசோதனை: அச்சமும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்

எமது மக்கள் பிரெஞ்சு மண்ணில் தஞ்சமடையத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. 1983 ஆடிக் கலவரத்தின் பின்னர் இருபது, இருபத்தைந்து வயது இளைஞர்களாக இங்கு வந்திறங்கி, உணவகங்களின் சமையலறைகளிலும் துப்புரவுப் பணிகளிலும் இரவு பகல் பாராது உழைத்து, ஊரில் உள்ள உறவுகளையும் இங்கு பிறந்த பிள்ளைகளையும் தாங்கி நின்ற அந்தத் தலைமுறை இன்று அறுபது வயதைத் தாண்டி நிற்கின்றது. வதிவிட அனுமதிக்கான கடிதத்தை ஏக்கத்துடன் எதிர்பார்த்திருந்த அதே தபாற்பெட்டிகளுக்கு இப்போது வேறொரு கடிதம் வந்துகொண்டிருக்கின்றது. பெருங்குடற் புற்றுநோய்க்கான பரிசோதனையைச் செய்துகொள்ளுமாறு பிரெஞ்சு சமூகக் காப்புறுதி விடுக்கும் அழைப்பே அது. ஐம்பது வயதிலிருந்து எழுபத்து நான்கு வயது வரையான அனைவருக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை இவ்வழைப்பு அனுப்பப்படுகின்றது.

இக்கடிதம் எமது வீடுகளில் பெரும்பாலும் பிரிக்கப்படாமலே ஒதுக்கப்படுகின்றது என்பது நாம் அறிந்த உண்மை. மொழி ஒரு தடை. வேலையில் லீவு கிடைக்காது என்பது இன்னொரு தடை. மலம், குடல் என்ற சொற்களைப் பிள்ளைகள் முன்னிலையில் உச்சரிக்கவே கூசும் எமது இயல்பு எல்லாவற்றிலும் பெரிய தடை. தகப்பனுக்கு வந்த கடிதத்தை மகள் மொழிபெயர்க்க வேண்டிய நிலையில், இருவருமே அதனைத் தவிர்த்துவிடுகின்றனர். இன்னொரு பக்கத்தில், கையில் சற்றுப் பணம் உள்ள சிலர் விடுமுறைக்குச் சென்னை செல்லும்போது முழு உடற் பரிசோதனையுடன் குடலுக்குள் குழாய்விட்டுப் பார்க்கும் பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொண்டு திரும்புகின்றனர். இவ்விரு போக்குகளையும் சீர்தூக்கிப் பார்க்கவேண்டிய தேவை இன்று எழுந்துள்ளது.

முதலில் நோயின் தன்மையை நோக்குவோம். பிரான்சில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 47,000 பேருக்குப் பெருங்குடல் அல்லது மலக்குடற் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்படுகின்றது. ஏறத்தாழ 17,000 பேர் அதனால் உயிரிழக்கின்றனர். ஆனால் இந்நோய் ஓரிரவில் தோன்றுவதன்று. குடலின் உட்சுவரில் சிறு தசைவளர்ச்சியாக அரும்பி, பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் மெல்ல மெல்லப் புற்றுநோயாக மாறுகின்றது. தசைவளர்ச்சிகள் எல்லாமே புற்றுநோயாக மாறுவதுமில்லை. ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்படுமாயின் பத்துப் பேரில் ஒன்பது பேர் குணமடைகின்றனர். நோயாளி எதனையும் உணராத இந்த நீண்ட இடைக்காலமே வைத்தியத்துக்குக் கிடைக்கும் வாய்ப்பாகும்.

எமது ஊரில் இந்நோய் குறைவாகவே இருந்தது, ஆகவே எமக்கு இது வராது எனச் சிலர் வாதிடுவதுண்டு. நோய் குறைந்த நாட்டிலிருந்து நோய் மிகுந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்களின் ஆபத்து, காலப்போக்கில் குடியேறிய நாட்டவரின் அளவை நெருங்குகின்றது என்பதை ஹவாய்த் தீவுகளில் குடியேறிய யப்பானியர் மீது மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகள் நெடுநாட்களுக்கு முன்பே காட்டிவிட்டன. நாற்பது ஆண்டுகளாக இந்நாட்டின் உணவையும், உடலசைவு குறைந்த வாழ்க்கையையும், மதுவையும் புகையையும் பழகிக்கொண்ட எமக்கு மட்டும் விதிவிலக்கு இருக்க நியாயமில்லை.

குடலுக்குள் நெகிழ்வான குழாயைச் செலுத்தி, அதன் முனையிலுள்ள ஒளிக்கருவியால் உட்சுவரைப் பார்வையிடும் முறையே குடல் அகநோக்கல் ஆகும். 1969 இல் நியூயோர்க்கில் வுல்ஃப், சின்யா ஆகிய இரு சத்திரசிகிச்சை நிபுணர்கள் இக்குழாயின் வழியாகவே தசைவளர்ச்சியை அகற்றும் முறையைத் தொடக்கிவைத்தனர். அதுவரை வயிற்றைத் திறந்து செய்யவேண்டியிருந்த பணி அரைமணி நேர வேலையாயிற்று. பார்ப்பதும் அகற்றுவதும் ஒரே தடவையில் முடிவது இம்முறையின் பெருஞ்சிறப்பு. இவ்வாறு தசைவளர்ச்சிகளை அகற்றுவதால் புற்றுநோய் வெகுவாகக் குறைகின்றது என்பதை 1993 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது.

அவ்வாறாயின் ஐம்பது வயதான அனைவருக்கும் நேரடியாகவே குழாய்ப் பரிசோதனையைச் செய்துவிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ஜேர்மனி 2002 ஆம் ஆண்டு முதல் அதற்கு வழிசெய்துள்ளது. அமெரிக்காவிலும் அதுவே பெருவழக்கு. ஆயினும் இதன் பயனை நேரடியாக அளந்த பெரும் ஆய்வு 2022 இல்தான் வெளிவந்தது. போலந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளில் 55 முதல் 64 வயது வரையான 84,000 க்கும் அதிகமானோரை உள்ளடக்கிய அவ்வாய்வில், ஒரு பகுதியினர் குழாய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர், ஏனையோர் அழைக்கப்படவில்லை. பத்து ஆண்டுகளின் பின்னர், அழைக்கப்படாதோரில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பேருக்கும் அழைக்கப்பட்டோரில் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கும் நோய் ஏற்பட்டிருந்தது. இறப்புகளில் உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அழைக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேரே பரிசோதனைக்குச் சென்றனர் என்பதையும் சேர்த்தே இம்முடிவை நோக்கவேண்டும். உண்மையில் பரிசோதனை செய்துகொண்டவர்களுக்குக் கிடைத்த பயன் இதனிலும் அதிகம் என்பதே ஆய்வாளரின் மதிப்பீடு. பயன் உண்டு, ஆனால் சிலர் விளம்பரப்படுத்துவது போன்று அது அளவிறந்ததன்று.

மறுதட்டில் உள்ள ஆபத்துக்களையும் மறைக்காது கூறவேண்டும். குடலில் துளை விழுவது மிக அரிது. பொதுவாக ஆயிரத்துக்கு ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. ஆனால் நேர்ந்தால் அவசர சத்திரசிகிச்சை தேவைப்படலாம். தசைவளர்ச்சி அகற்றப்பட்ட இடத்தில் இரத்தம் பெருகுவது அதனிலும் சற்று அதிகமாக நிகழ்கின்றது. சில வேளைகளில் ஒன்றிரண்டு வாரங்கள் கழித்தும் நிகழலாம். மேற்குறித்த ஆய்வில் ஏறத்தாழ 12,000 பேர் குழாய்ப் பரிசோதனை செய்துகொண்டனர். அவர்களில் 15 பேருக்குப் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டது. எவருக்கும் குடல் துளைபடவில்லை. வயது ஏற ஏற, இருதய நோயும் சிறுநீரக நோயும் சேரச் சேர, இவ்வாபத்துக்களும் கூடுகின்றன. பிரான்சில் இப்பரிசோதனை பெரும்பாலும் முழு மயக்கத்தில் செய்யப்படுவதால் மயக்க மருந்தின் ஆபத்தும் இதில் அடங்கும். இவை தவிர, ஒருபோதும் புற்றுநோயாக மாறியிராத தசைவளர்ச்சிக்காக மீண்டும் மீண்டும் பரிசோதனைக்கு அலைய நேர்வதும் ஒரு சுமையே. குழாய்ப் பரிசோதனையும் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுவதில்லை.

இவ்வாறான காரணங்களினாலேயே பிரான்ஸ் இரண்டு படிகளைக் கொண்ட வழியைத் தெரிவுசெய்தது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாது கலந்துள்ள இரத்தத்தைத் தேடும் எளிய பரிசோதனையால் இந்நோயின் இறப்புகளை நூற்றுக்குப் பதினைந்து முதல் பதினெட்டு வரை குறைக்கலாம் என்பதை பிரித்தானியாவின் நொட்டிங்ஹாமிலும் டென்மார்க்கிலும் நடந்த ஆய்வுகள் 1996 இல் உறுதிசெய்தன. பிரான்சில் 2002 இல் சில மாவட்டங்களில் தொடங்கிய திட்டம் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. 2015 முதல் முன்னதிலும் நுட்பமான புதிய முறை கையாளப்படுகின்றது. வீட்டிலேயே ஒரு தடவை மாதிரி எடுத்து, முத்திரை ஒட்டத் தேவையில்லாத உறையிலிட்டு இருபத்து நான்கு மணித்தியாலத்துக்குள் தபாலில் சேர்த்தால் போதும். குடும்ப வைத்தியரிடமும் மருந்தகங்களிலும் பரிசோதனைப் பெட்டியைப் பெறலாம். 2022 முதல் இணையம் வழியாகவும் பெறமுடிகின்றது. செலவு முழுவதையும் காப்புறுதியே ஏற்கின்றது.

இப்பரிசோதனை செய்துகொள்ளும் ஆயிரம் பேரில் ஏறத்தாழ நாற்பது பேருக்கே இரத்தம் இருப்பதாக முடிவு வரும். அந்த நாற்பது பேர் மட்டுமே குழாய்ப் பரிசோதனைக்கு அனுப்பப்படுவர். அவர்களில் மூவரளவில் புற்றுநோயும், மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோரிடம் அகற்றவேண்டிய தசைவளர்ச்சியும் காணப்படும். ஏனைய 960 பேரும் மயக்க மருந்தும் குழாயும் இன்றியே வீடு திரும்பலாம். ஸ்பெயினில் ஏறத்தாழ 57,000 பேரிடம் நடத்தப்பட்டு 2025 இல் முடிவு வெளியான ஆய்வு, நேரடிக் குழாய்ப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிலும் இம்மலப் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிலும் பத்து ஆண்டுகளில் இந்நோயால் இறந்தோர் தொகை ஏறத்தாழ ஒன்றே எனக் காட்டியுள்ளது. ஆயினும் மலப் பரிசோதனை ஒரு தடவையில் எல்லாப் புற்றுநோய்களையும் பிடிப்பதில்லை. நூற்றுக்கு இருபது முதல் முப்பது வரை தப்பிவிடக்கூடும். அதனாலேயே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு தடவை தவறாது செய்யவேண்டும் என வலியுறுத்தப்படுகின்றது.

இவற்றின் அடிப்படையில் எமது நிலைப்பாட்டைத் தெளிவாகவே கூற விரும்புகின்றோம். நோய்க்குறி எதுவும் இல்லாத, குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் வந்திராத, 50 முதல் 74 வயது வரையான ஒருவருக்கு மலப் பரிசோதனையே பொருத்தமான முதற்படி. அதைவிடுத்து, ஆபத்தையும் செலவையும் எண்ணாது நேரடியாகக் குழாய்ப் பரிசோதனைக்கு விரைவது தேவையற்றது. ஆனால் மலப் பரிசோதனையில் இரத்தம் உண்டு என முடிவு வந்த பின்னர் குழாய்ப் பரிசோதனையைத் தட்டிக்கழிப்பது, வீட்டில் தீ மணி ஒலித்த பின்னரும் போர்த்துப் படுப்பதற்கு ஒப்பாகும். அந்த நிலையில் ஆபத்து, பயன் என்ற தராசு முற்றாகப் பயனின் பக்கம் சாய்ந்துவிடுகின்றது. மாதக்கணக்கில் பின்போடுவதும் மறுப்பதற்குச் சமமே.

வேறு சிலருக்கு இந்தத் தராசே பொருந்தாது. தாய், தந்தை, உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் எவருக்கேனும் இந்நோய் வந்திருப்பின், ஐம்பது வயதுவரை காத்திராமல் வைத்தியரிடம் அதனைத் தெரிவிக்கவேண்டும். அவர்களுக்கு நேரடிக் குழாய்ப் பரிசோதனையே தேவைப்படலாம். ஊரில் இறந்த தந்தையின் வயிற்று வருத்தம் என்னவென்று அறியாதவர்கள் எம்மில் பலர். உறவினரிடம் கேட்டறிந்து வைப்பது நன்று. மலத்துடன் இரத்தம் போதல், மலம் போகும் வழக்கம் மாறுதல், காரணமின்றி மெலிதல், இரத்தச்சோகை ஆகியன உள்ளவர்கள் எந்த வயதினராயினும் தபாற் பரிசோதனையை நாடாது வைத்தியரை நாடவேண்டும். இரத்தத்தைக் கண்டதும் மூலவியாதி என்று தாமே முடிவுகட்டிக் கைமருந்து செய்யும் பழக்கத்தை நாம் கைவிட்டேயாகவேண்டும். எழுபத்தைந்து வயதைக் கடந்தோர் தமது உடல்நிலையை வைத்து வைத்தியருடன் பேசி முடிவெடுப்பதே முறை.

குழாய்ப் பரிசோதனைக்குச் செல்வோர் சிலவற்றை அறிந்திருக்கவேண்டும். குடல் முற்றாகத் துப்புரவாக இல்லாவிடின் பரிசோதனை பயனற்றது. முந்திய சில நாட்களுக்குக் கீரை, மரக்கறி, பருப்பு, விதையுள்ள காய்கனிகள், தவிட்டரிசி ஆகியவற்றைத் தவிர்க்குமாறு கூறுவர். வெள்ளரிசிச் சோறு பொதுவாக அனுமதிக்கப்படும். பேதி மருந்தைக் குறித்த நேரத்தில் முழுவதும் குடிக்கவேண்டும். நீரிழிவு மருந்து, இரத்தம் உறையாதிருக்க எடுக்கும் மருந்து, ஊரிலிருந்து வரவழைத்த நாட்டு மருந்து யாவற்றையும் மயக்க மருந்து நிபுணரிடம் சொல்லவேண்டும். 48 மணித்தியாலங்களுக்கு முன்னதாக அவரைச் சந்திப்பது இந்நாட்டில் கட்டாயமானது. வீடு திரும்பத் துணைக்கு ஒருவர் வேண்டும். பின்னர் கடும் வயிற்றுவலி, காய்ச்சல், இரத்தப்போக்கு ஏற்பட்டால் தாமதியாது 15 ஆம் இலக்கத்தை அழைக்கவேண்டும். தனியார் கிளினிக்குகளில் மேலதிகக் கட்டணம் உண்டா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுப் பெறுவதும் அவசியம்.

மொழி தெரியாத ஒருவரிடம் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சிகிச்சை செய்ய எவருக்கும் உரிமையில்லை. 2002 மார்ச் 4 ஆம் திகதிய சட்டம், நோயாளி விளங்கிக்கொண்டு சம்மதிக்கும் உரிமையை உறுதிசெய்துள்ளது. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் எனக் கேட்பது அந்த உரிமையின் பாற்பட்டதே. அதற்குக் கூச்சப்படத் தேவையில்லை. காப்புறுதி அட்டை இல்லாதவர்களுக்கும் பொது வைத்தியசாலைகளில் இயங்கும் 'பாஸ்' எனப்படும் பிரிவுகளின் கதவு திறந்தேயுள்ளது.

அழைப்புப் பெறுவோரில் மூன்றில் ஒரு பங்கினர் வரையிலேயே இந்நாட்டில் பரிசோதனையைச் செய்துகொள்கின்றனர். ஐரோப்பிய அளவில் ஏற்கத்தக்க குறைந்தபட்சமாகக் கொள்ளப்படும் நூற்றுக்கு 45 என்ற இலக்கையே பிரான்ஸ் எட்டவில்லை. எமது மக்களின் நிலை இதனிலும் மேலானது என நம்புவதற்கு எதுவுமில்லை. ஆண்டுதோறும் மார்ச் மாதம் இந்நோய்க்கான விழிப்புணர்வு மாதமாக இந்நாட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றது. லாச்சப்பலில் இயங்கும் எமது சங்கங்களும், விளையாட்டுக் கழகங்களும், ஊர் ஒன்றியங்களும், ஆலயங்களும் அந்த மாதத்தில் இக்கடிதத்தைத் தமிழில் விளக்கும் ஒரு மாலைப்பொழுதையாவது ஒழுங்குசெய்யவேண்டும். கலைவிழாவுக்கு மண்டபம் நிறைக்கத் தெரிந்த எமக்கு இது இயலாத காரியமன்று.

இந்தச் சமூகத்தை இங்கு கட்டியெழுப்பியவர்கள் தமது உடலைப் பற்றி எண்ணுவதற்கு ஒருபோதும் நேரம் ஒதுக்கியதில்லை. இனியாவது ஒதுக்கவேண்டும். கடிதம் வீட்டில் இருக்குமாயின் இன்றே பிரித்துப் பாருங்கள். தவறவிட்டிருந்தால் அடுத்த தடவை மருந்தகத்துக்குச் செல்லும்போது பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோருக்காக அக்கடிதத்தை வாசிக்கும் பிள்ளைகளும் கூச்சத்தை ஒதுக்கி, அதில் எழுதியிருப்பதை எழுதியிருப்பவாறே சொல்லிக்கொடுக்கவேண்டும் எனக் கேட்டுக்கொள்கின்றோம்.