செயலியைத் திருத்தலாம், ஆனால் யார்?

ஹார்ட்வயர்டு கட்டுப்பாட்டகத்துக்கும் மைக்ரோபுரோகிராம்டு கட்டுப்பாட்டகத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பட்டியலிடுக என்பது, நம் பல்கலைக்கழகங்களின் கணினி அமைப்பியல் தேர்வுகளில் சலிக்காமல் திரும்ப வரும் வினா. விடையும் மாறுவதில்லை. முன்னது விரைவானது, திருத்த இயலாது. பின்னது சற்று மெதுவானது, திருத்தலாம். இவ்விடை பிழையன்று. ஆனால் கேட்டாக வேண்டிய கேள்வியை அது மறைத்துவிடுகிறது.

‘திருத்தலாம்’ என்பது தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றுக்கும் பொதுவான வினைமுற்று. எழுவாயை விட்டுவிட்டாலும் வாக்கியம் நிறைவுற்றதுபோலவே ஒலிக்கும். பாடநூல் அட்டவணையில் விடுபட்டிருப்பதும் அந்த எழுவாய்தான். திருத்துவது யார்?

ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் எந்தப் பதிவகம் திறக்க வேண்டும், எந்தச் சுற்று கூட்ட வேண்டும் என்று ஏவுவதே கட்டுப்பாட்டகத்தின் பணி. முதல் முறையில் இந்த ஏவல்களைத் தருக்க வாயில்களின் இணைப்பே நேரடியாகப் பிறப்பிக்கும். இரண்டாம் முறையில் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய சிறு சிறு நுண்கட்டளைகள் ஒரு நினைவகத்தில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். இந்த இரண்டாம் முறையை 1951இல் மான்செஸ்டர் மாநாட்டில் முன்வைத்தவர் மாரிஸ் வில்க்ஸ். சிக்கலான சுற்றை ஒழுங்குபட வடிவமைக்க ஒரு வழி என்பதே அவர் கண்ட பயன்.

நுண்நிரல் என்றாலே திருத்தத்தக்கது என்பதும் உண்மையன்று. 1978இல் வந்த இண்டெல் 8086க்குள் 21 பிட் அகலத்தில் 512 நுண்கட்டளைகளுக்கு இடமிருந்தது. ஆனால் அது படிக்க மட்டுமே இயலும் நினைவகம். ஆலையைவிட்டு வெளியேறிய சில்லில் இண்டெல்லாலும் ஒரு பிட்டை மாற்ற முடியாது. அதற்கு முந்தைய ஆண்டு அறிமுகமான வேக்ஸ்-11/780இலோ, விரும்பிய வாடிக்கையாளர் கூடுதல் நினைவகம் வாங்கித் தம் நுண்நிரலைத் தாமே எழுதிக்கொள்ள வழியிருந்தது. இரண்டும் நுண்நிரல் பொறிகளே. அதிகாரம் மட்டும் வேறு வேறு கைகளில் இருந்தது.

இன்றைய மேசைக்கணினிச் செயலிகள் இரண்டு முறைகளையும் கலந்தே கையாள்கின்றன. எளிய கட்டளைகளைக் கம்பிச் சுற்றே அவிழ்த்துவிடும். சிக்கலானவை நுண்நிரலுக்குச் செல்லும். சிலிக்கானில் இறுகிய தவற்றின் விலை என்ன என்பதை 1994இல் பென்டியம் காட்டியது. அதன் வகுத்தல் சுற்றின் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டிருந்தன. இண்டெல் ஒதுக்க நேர்ந்த தொகை 47.5 கோடி டாலர். அது கட்டுப்பாட்டகத்தின் பிழையன்று. எனினும் விற்றபின் திருத்த வழியில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மறு ஆண்டில் வந்த பென்டியம் புரோவில் நுண்நிரலைப் புதுப்பிக்கும் வசதி இருந்தது. கணினி இயங்கத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் இத்திருத்தம் செயலிக்குள் புதிதாக ஏற்றப்படுகிறது. 2018இல் ஸ்பெக்டர் என்னும் பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, உலகெங்கும் உள்ள செயலிகளைக் கழற்றாமலே ஓரளவு காக்க முடிந்தது இதனால்தான்.

ஆனால் அந்தத் திருத்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நாம் படிக்க இயலாது. இண்டெல் அதனைக் குறியாக்கம் செய்து, மின்கையொப்பமிட்டே அனுப்புகிறது. இவ்விரண்டு பூட்டுகளையும் நாம் பிரித்தறிய வேண்டும். கையொப்பம், பிறர் எழுதுவதைத் தடுக்கிறது, அது தேவை. குறியாக்கம், பிறர் படிப்பதைத் தடுக்கிறது. அது பெரும்பாலும் வணிகக் காப்பு. பாதுகாப்பின் பெயரால் இரண்டையும் ஒன்றாகக் கட்டி நியாயப்படுத்துவதை நான் ஏற்கவில்லை.

மறைத்துவைப்பது காவலாகிவிடாது என்பதற்கு 2025இன் தொடக்கத்தில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்டதே போதும். ஏஎம்டியின் ஜென் வகைச் செயலிகளில் நுண்நிரலின் நம்பகத்தைச் சோதிக்கும் முறைக்கு, அமெரிக்கத் தர நிறுவனத்தின் வெளியீட்டில் எடுத்துக்காட்டாக அச்சிடப்பட்டிருந்த சாவியே பயன்பட்டிருந்தது. கணினியின் நிர்வாகி உரிமை பெற்ற ஒருவர் தாமே நுண்நிரல் எழுதி ஏற்றிவிட முடிந்தது. சமவாய்ப்பு எண் கேட்கும் கட்டளை எப்போதும் 4 என்றே விடை தருமாறு அவர்கள் செய்து காட்டினர். வடிவமைப்பு வெளிப்படையாக இருந்திருந்தால், இந்தத் தவறு பல ஆண்டுகளுக்கு முன்பே எவர் கண்ணிலாவது பட்டிருக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் உண்டு. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி, நுண்நிரலே தேவைப்படாத அளவுக்கு எளியது. அதனைக் கொண்டு சென்னை ஐஐடி உருவாக்கிய சக்தி செயலிகளின் வடிவமைப்பு மூலம் பொதுவெளியில் கிடைக்கிறது. வார்க்கப்பட்ட சில்லை அங்கும் திருத்த முடியாது. ஆனால் வார்ப்பதற்கு முன்பு எவரும் படிக்கலாம், குறை சொல்லலாம், மாற்றி அமைக்கலாம். கம்பியில் இறுகியது திறந்ததாகவும், நினைவகத்தில் நெகிழ்வது மூடியதாகவும் இருக்கக்கூடும். பாடநூல் அட்டவணைக்கு இது தெரியாது.

நம் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் இயங்குவது பெரும்பாலும் மூடிய நுண்நிரல்மேல்தான். எனவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இது: அந்தப் பழைய அட்டவணையில் விரைவு, நெகிழ்வு, செலவு ஆகியவற்றோடு இன்னும் இரண்டு வரிகள் சேருங்கள். யார் படிக்கலாம்? யார் திருத்தலாம்? இவற்றுக்கும் மதிப்பெண் கொடுங்கள்.