மெழுகுவர்த்திக்கும் காற்று வேண்டும்

(இளம் அறிவியல் – வேதியியல், இரண்டாம் ஆண்டு)

ஆசிரியரைப் பற்றி மேடையில் பேச எழுபவர் எவராயினும் தவறாமல் எடுத்தாளும் உவமை ஒன்று உண்டு. தன்னை உருக்கிக்கொண்டு பிறர்க்கு ஒளி தரும் மெழுகுவர்த்தி என்பதே அது. செப்டம்பர் 5 வந்துவிட்டால் இந்த உவமை ஒலிக்காத கல்லூரி இராது. வேதியியல் படிக்கும் மாணவன் என்ற முறையில் இந்த உவமையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

உருகுவதால் மட்டும் மெழுகுவர்த்தி ஒளி தருவதில்லை. உருகி வழிந்து மேசையில் உறைந்துபோகும் மெழுகால் யாருக்கும் பயனில்லை. திரி வழியே மேலேறி, ஆவியாகி, காற்றோடு சேர்ந்து எரியும் மெழுகே ஒளியாகிறது. எரியும் மெழுகுவர்த்தியை ஒரு கண்ணாடிக் குடுவையால் மூடிப் பாருங்கள். சிறிது நேரத்தில் சுடர் மங்கி அணைந்துவிடும். மெழுகு தீரவில்லை, திரியும் தீரவில்லை. போதிய காற்று கிடைக்கவில்லை, அவ்வளவே.

பல்லாண்டுகள் பணியாற்றிய ஆசிரியர் சிலரிடம் ஆர்வம் குன்றிப்போவதும் இவ்வாறே என்பது என் கருத்து. அவர்களிடம் அறிவு தீர்ந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது பெருகியே இருக்கும். காற்றுதான் உள்ளே வரவில்லை. பழுப்பேறிய குறிப்பேட்டைத் திறந்து, அதே வரிகளைச் சொல்லி, மணி அடித்ததும் மூடிவைக்கும் வகுப்புகள் இப்படித்தான் உருவாகின்றன.

கற்க வந்தவன் கற்பிப்பவரைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் கேட்கலாம். சமைக்கத் தெரியாதவனுக்கும் குழம்பில் உப்புக் குறைந்தது தெரியுமல்லவா? மேலும், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படித்தவர்கள் நிறைந்த வீட்டுப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் சலித்துப்போனால் பெரிய இழப்பில்லை. கேட்டால் சொல்லித்தர அண்ணன் இருப்பான், அத்தை இருப்பார். என் போன்றோருக்கு அந்த ஒரு மணி நேர வகுப்பே எல்லாம். கைப்பேசியில் கிடைக்காத பாடமா என்பர். கிடைக்கிறது. ஆனால் எதைத் தேடுவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். நாங்கள் விழிப்பதைக் கண்டு, நிறுத்தி, வேறு விதமாகச் சொல்லவும் ஒருவர் வேண்டும்.

ஆண்டுகள் பல கடந்தும் சுடர் குறையாதிருக்க முடியுமா? முடியும் என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். நூல் கட்டும் கடையில் வேலை பழகியவர். இலண்டன் இராயல் நிறுவனத்தில் இளைஞர்களுக்காக 1827 முதல் 1860 வரை 19 முறை கிறிஸ்துமஸ் சொற்பொழிவு வரிசைகளை நிகழ்த்தினார். 1848-இல் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு சாதாரண மெழுகுவர்த்தி. 1860-இல், தம் 69-ஆம் வயதில், மீண்டும் அதே மெழுகுவர்த்தியைப் பற்றியே பேசினார். பொருள் பழையது, கேட்க வந்த பிள்ளைகள் புதியவர்கள்!

நம் நாட்டில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய் 1889-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் வேதியியல் ஆசிரியராகச் சேர்ந்து, 1916 வரை அங்கே பணியாற்றினார். பெரும் ஆராய்ச்சியாளராக இருந்தும் தொடக்க வகுப்புகளைத் தாமே விரும்பி எடுத்தார். டாக்காவை அடுத்த சிற்றூரில் ஒரு சிறு கடைக்காரரின் மகனாகப் பிறந்த மேகநாத சாகா அவரிடம் மாணவராக வந்தபோது, ராய் பணியில் சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன. அதற்குள் அவர் சலித்துப்போயிருந்தால்? எண்ணிப் பாருங்கள். ஆசிரியருக்கு அது இருபதைத் தாண்டிய ஆண்டு. மாணவனுக்கோ அதுவே முதல் ஆண்டு.

அப்படியானால் அந்தக் காற்று எது? முதலாவது, ஆசிரியரின் சொந்தக் கற்றல். ராய் வகுப்பறையிலிருந்து நேரே ஆய்வுக்கூடத்துக்குப் போனவர். தாம் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர்க்கே கற்பவனின் தடுமாற்றம் புரியும்.

இரண்டாவது, மாணவனை அறிதல். எங்கள் பேராசிரியர் ஒருவர் ஓய்வுபெறும் நிலையில் இருக்கிறார். மோல் என்னும் கருத்தைத் தொடங்குமுன், “உங்கள் வீட்டில் என்ன தொழில்?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார். பீடி சுற்றுவோர் கட்டுக் கணக்கில் எண்ணுவர்; செங்கல் சூளையில் ஆயிரக் கணக்கில் எண்ணுவர்; வேதியியலார் 6.022 × 10²³ என்ற கணக்கில் எண்ணுகின்றனர் என்றார். பிறகு 58.5 கிராம் உப்பை நிறுத்து, “இதோ ஒரு மோல்” என்று ஒரு தாளில் கொட்டிக் காட்டினார். ஆண்டுதோறும் வரும் பிள்ளைகளுக்கேற்ப அவருடைய எடுத்துக்காட்டு மாறுமாம். பாடம் அதேதான், ஆனால் அவருக்கே அது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகிவிடுகிறது.

மூன்றாவது, பணிச்சூழல். சேர்க்கைப் பணி, விடைத்தாள் திருத்தம், கோப்புகள், தேர்தல் பணி என்று ஆசிரியரின் நேரத்தை நாற்புறமும் பறித்துக்கொண்டு, ஆர்வம் எங்கே என்று கேட்பது நியாயமன்று. அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்ற கவலையோடு வரும் கௌரவ விரிவுரையாளரிடம் ஆர்வத்தைப் பற்றி உபதேசம் செய்வதும் நியாயமன்று. குடுவையால் மூடிவிட்டுச் சுடரைக் குறைகூறும் செயல் அது. படிக்க நேரமும், சோதனைக்கு வேண்டிய பொருள்களும், பணிப் பாதுகாப்பும் அளிப்பது அரசின் கடமை.

நான்காவது காற்று நாமே, நண்பர்களே! நன்னூல் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் என நான்கு உவமைகளைச் சொல்கிறது. மெழுகுவர்த்தி அவற்றுள் இல்லை. உழுபவரின் முயற்சிக்குத் தக்கவாறே நிலம் விளைவு தரும் என்பதும் அங்கே சொல்லப்பட்ட கருத்து. கேள்வி கேட்காமல், “நோட்ஸ் கொடுங்கள் சார், தேர்வுக்கு எது முக்கியம் என்று சொல்லுங்கள் சார்” என்று மட்டும் கேட்கும் வகுப்பு, எத்தகைய ஆசிரியரையும் சில ஆண்டுகளில் குறிப்பேட்டுக்குள் அடைத்துவிடும். “இது ஏன் இப்படி?” என்று ஒருவன் எழுந்து கேட்டால், அன்றைய வகுப்பின் நிறமே மாறுகிறது. வேதியியல் வகுப்பில் இதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

நம் ஆசிரியர்கள் நமக்காக உருக வேண்டாம். அவர்கள் எரிய வேண்டும்; நெடுங்காலம் நின்று எரிய வேண்டும். நமக்குப் பின்னும் முதல் தலைமுறைப் பிள்ளைகள் இந்த வாயிலுக்குள் வருவார்கள். அவர்களுக்கும் இந்த ஒளி வேண்டும். அதற்கு அரசு குடுவையை எடுக்கட்டும்; ஆசிரியர் சாளரத்தைத் திறக்கட்டும்; நாம் காற்றாக நுழைவோம்!