நரம்பு முறுக்கினால் அறுத்துப் போடாதீர்கள்

ஓய்வுபெற்ற பிறகு ஆதிச்சநல்லூர்ப் பக்கம் தாமிரபரணிக் கரையில் தூண்டிலோடு உட்காருவது என் வழக்கம். ரீல் தூண்டிலில் நரம்பு முறுக்கேறிச் சிக்கானால், பலரும் அறுத்துக் கரையிலேயே போட்டுவிடுகிறார்கள். நானும் போட்டவன்தான்.

போன மாதம் கால்கள் நரம்பில் சிக்கிய ஒரு கொக்கை நானும் பேரனும் கத்தரியால் விடுவித்தோம். நொண்டிக்கொண்டே போயிற்று. “தாத்தா, இது நாம போட்ட நரம்பா?” என்றான். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முறுக்குக்குப் பெரும்பாலும் நம் கைதான் காரணம். மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடும்போது ரீலைச் சுற்றினால், சுற்றுக்குச் சுற்று முறுக்கு ஏறும். அப்போது சுற்றாமல் பிடித்திருங்கள். ஏறிவிட்டதென்றால், முள்ளையும் ஈயத்தையும் கழற்றிவிட்டு, வெறும் நரம்பை 100 அடிபோல ஓடுகிற தண்ணீரில் விட்டு ஐந்து நிமிஷம் பொறுங்கள். நுனி தானாகச் சுழன்று முறுக்கு இறங்கும். பிறகு இரு விரலால் இறுக்கிப் பிடித்தபடி சுற்றுங்கள்.

அதற்கும் சரிவராத நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். நைலான் எளிதில் மக்காது. 1876-ல் ஜாகோர் தோண்டிய நம் பறம்பில் முன்னோர் தாழிகளை விட்டுப்போனார்கள். நாம் ஆற்றில் நரம்புச் சிக்கை விட்டுப்போக வேண்டாமே.