புரொஜெக்டர் வாங்க முதல் லைற்றை நூருங்கோ

என்னுடைய முதல் புரொஜெக்டரை 19 வயதில் வாங்கினேன். பகுதிநேர வேலையில் சேர்த்த 140 டொலர். பெட்டியில் 9000 லுமென்ஸ் என்றும் 4கே சப்போர்ட் என்றும் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு ஹோலில் வைத்து, சுவரில் படத்தைப் போட்டேன். அம்மா வடை சுட்டிருந்தா. சித்தியின் பிள்ளைகளும் வந்திருந்தார்கள்.

அம்மம்மா கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தா. "என்னடா தம்பி, பழைய சீலைக்குள்ளால பாக்கிற மாதிரிக் கிடக்கு" என்றா. சித்தியின் மகளுக்கு வேகமாகப் பேசும் தமிழ் விளங்காது, கீழே ஓடும் ஆங்கில எழுத்து வேண்டும். அந்த எழுத்தோ ஓரங்களில் கரைந்துபோய்க் கிடந்தது. அரை மணித்தியாலத்தில் ஆளுக்கொரு போனோடு எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

அன்று நான் பெட்டியைத் திட்டினேன். இப்போது யோசித்தால் பாதிப் பிழை என்னுடையது. பெட்டியில் இருந்ததை வாசித்தேன், வீட்டில் இருந்த அறையைப் பார்க்கவில்லை. அதனால் யாராவது என்னிடம் "எந்தப் புரொஜெக்டர் வாங்கலாம்?" என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் அறையில் லைற்றை நூர்த்தால் எவ்வளவு இருட்டாகும்?

காரணம் இதுதான். புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. அது வெளிச்சத்தை மட்டும்தான் எறியும். படத்தில் கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் நீங்கள் பார்ப்பது உங்கள் சுவரைத்தான். ஹோலில் லைற் எரிந்தால் அந்தச் சுவர் வெள்ளை. அப்படியென்றால் கதாநாயகனின் தலைமுடியும் சாம்பல், இரவுக் காட்சியும் சாம்பல். அம்மம்மா சொன்ன பழைய சீலை அதுதான்.

இருட்டு இருந்தால் கணக்கே மாறிவிடும். 100 அங்குலத் திரை ஏறக்குறைய 2.2 மீற்றர் அகலம், 1.25 மீற்றர் உயரம். முழு இருட்டில், அதன்மேல் உண்மையான 500 லுமென்ஸ் விழுந்தாலே தியேட்டரில் பார்க்கும் அளவு வெளிச்சம் வந்துவிடும். விளக்கு பழசாகும்போது வெளிச்சம் குறையும், நிறம் சரியாக வரும் செற்றிங்கிலும் குறையும். அதற்கு இடம்விட்டு 1000 அல்லது 1500 லுமென்ஸ் இருந்தால் தாராளம். யன்னல் திறந்த ஹோலில் 3000 இருந்தாலும் மனம் நிறையாது.

"உண்மையான" என்று ஏன் சொல்கிறேன்? அன்சி லுமென்ஸ் என்றால் திரையை ஒன்பது பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அளந்து, சராசரி எடுத்த கணக்கு. ஐஎஸ்ஓ 21118 என்ற அளவும் அதைப்போன்றதுதான். இந்த இரண்டில் ஒன்றின் பெயர் இல்லாமல் வெறும் "லுமென்ஸ்" என்று மட்டும் இருந்தால், அந்த எண்ணை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

"4கே சப்போர்ட்" என்பதும் அப்படித்தான். 4கே படத்தை அனுப்பினால் அது வாங்கிக்கொள்ளும் என்று மட்டும்தான் அர்த்தம். சுவரில் எத்தனை புள்ளி விழுகிறது என்பதை "நேற்றிவ்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தேடுங்கள். 1280க்கு 720 என்றால் ஒன்பது இலட்சம் புள்ளி. 1920க்கு 1080 என்றால் இருபது இலட்சம். 4கே என்றால் எண்பது இலட்சத்துக்கும் மேல். சப்டைற்றில் வாசிக்கிற ஆள் வீட்டில் இருந்தால் 1080க்குக் கீழே போகவேண்டாம்.

என்னுடைய இரண்டாவது புரொஜெக்டர் பாவித்தது. விளக்கு எத்தனை மணித்தியாலம் எரிந்தது என்று மெனுவுக்குள் பார்த்துத்தான் வாங்கினேன். ஆனால் அதற்கு முதல் ஒரு இடம் வேண்டியிருந்தது. எங்கள் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தவர்கள் போன கோடையில் மாறிப் போனார்கள். அந்த வாடகை மோட்கேஜுக்குப் போகிற காசு. "தாங்கோ" என்று கேட்கவே எனக்கு வாய் கூசியது. அப்பா ஒரு கிழமை யோசித்துவிட்டு, "ஆறு மாதம் பாப்பம். ஒருத்தரும் இருந்து பாக்கேல்லையெண்டா திரும்ப வாடகைக்கு விடுவன்" என்றார். அதனால் இந்த முறை பிழைவிட முடியாது.

முதலில் அளவுநாடாவை எடுத்தேன். புரொஜெக்டருக்குத் துரோ ரேஷியோ என்று ஒன்று உண்டு. அது 1.5 என்றால், 2.2 மீற்றர் அகலப் படத்துக்குக் கருவி 3.3 மீற்றர் தள்ளி இருக்கவேண்டும். எங்கள் பேஸ்மென்றின் கூரை ஏழு அடிதான். சூடுகாற்றுக் குழாய் போகிற இடத்தில் இன்னும் பதிவு. திரையை மிகவும் கீழே இறக்கினால் முன்னுக்கு இருக்கிறவரின் தலை சப்டைற்றிலை மறைக்கும். பசைநாடாவால் சுவரில் சட்டம் ஒட்டி, அம்மாவைக் கதிரையில் இருத்திப் பார்த்தேன். 100 அங்குல ஆசையை விட்டு 90க்கு இறங்கினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

கருவியைச் சரிவாக வைத்துவிட்டு "கீஸ்ரோன்" பட்டனை அழுத்தினால் படம் நேராகிவிடும் என்று சொல்வார்கள். நேராகும். ஆனால் அந்தத் திருத்தத்தில் புள்ளிகள் வீணாகும், எழுத்தின் கூர்மை போகும். நேராகப் பூட்ட ஒரு மணித்தியாலம் கூடுதலாகச் செலவழியுங்கள். மிச்சக் காசில் திரைச் சுவரைச் சுற்றியும் கூரையிலும் மினுக்கம் இல்லாத கடும் சாம்பல் பெயின்ற் அடித்தேன். மொத்த வேலையில் படத்தை அதிகம் மாற்றியது அந்தப் பெயின்ற்தான்.

சத்தத்தை மறக்காதீர்கள். நம்மில் பலருக்கு வீட்டுத் தமிழ் விளங்கும், படத்துத் தமிழ் பாதிதான் விளங்கும். தலைக்குப் பின்னால் இருக்கும் கருவியின் சின்ன ஸ்பீக்கரில் அந்தப் பாதியும் போய்விடும். புளூடூத்தில் சில நேரம் உதடு முன்னே போக, சத்தம் பின்னே வரும். ஒரு சாதாரண சவுண்ட்பாரைத் திரைக்குக் கீழே வைத்து வயரில் கொடுங்கள். எனக்கு விளங்கிய வசனங்கள் அன்றிலிருந்து கூடின.

"இவ்வளவு கரைச்சல் ஏன்? பெரிய ரீவி வாங்கலாமே" என்று கேட்பீர்கள். வெளிச்சமான ஹோல் மட்டும்தான் இருக்கிறதென்றால் ரீவியே வாங்குங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டு ரீவி காலையிலிருந்து இரவுவரை யாரும் பார்க்காமலே ஓடும். புரொஜெக்டருக்கு ஒரு முடிவு வேண்டும். என்ன படம் என்று பேசவேண்டும், கீழே இறங்கவேண்டும், லைற்றை நூர்க்கவேண்டும். இருட்டில் ஒருவர் போனை எடுத்தால் முழு அறைக்கும் தெரியும். வெட்கத்தில் வைத்துவிடுவார்.

அம்மா யாழ்ப்பாணத்துக் கதை ஒன்று சொல்லுவா. சண்டைக் காலத்தில் கரண்ட் இல்லை. ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, அயலட்டை எல்லாம் சேர்ந்து விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்களாம். ரீவி சின்னது, பின்னால் இருந்தவர்களுக்குச் சத்தம் மட்டும்தானாம். ஆனால் எந்தப் படத்தில் யார் அழுதது, யார் நித்திரை கொண்டது என்று அவவுக்கு இன்றைக்கும் தெரியும். என் போனில் போன கிழமை என்ன பார்த்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை.

அதனால் தம்பி தங்கச்சிமாரே, பெரிய எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள். இருட்டுக்கும், நேராகப் பூட்டுவதற்கும், சத்தத்துக்கும் கொடுங்கள். மிச்சத்தில் கருவியை வாங்குங்கள்.

இப்போது எட்டாவது மாதம். அப்பா கொடுத்த தவணை முடிந்துவிட்டது, வாடகைப் பேச்சை அவர் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை இரவில் சித்தியின் மகள் சப்டைற்றில் வாசிக்கிறாள், இடையிடையே அம்மம்மாவிடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்கிறாள். அம்மம்மா சொல்லிவிட்டு இருபது நிமிடத்தில் நித்திரையாகிவிடுவா. படியில் கடைசியாக இறங்கி வருகிறவர் அப்பாதான். வரும்போதே சொல்லுவார்: "லைற்றை நூரடா."