கலியாணத்துக்கு முப்பது நாள் நோட்டீசு

ஒரு நாட்டில் கலியாணம் செய்துகொள்ளக் கமிட்டியிடம் அனுமதி வாங்க வேண்டும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒருவர் மேல் ஒருவருக்கு ஆசை இருப்பதாகத் தெரிந்தால் அனுமதி கிடையாது!

இது கதை. 1949-ல் வெளிவந்த "1984" என்ற நாவல். எழுதியவர் ஜார்ஜ் ஆர்வெல். வெள்ளைக்காரர்தான், பிறந்ததோ நமது பீகாரில் உள்ள மோதிஹாரியில். கதையில் வின்ஸ்டன் என்பவனும் ஜூலியா என்பவளும் ஒளிந்து ஒளிந்து சந்திக்கிறார்கள். பிடிபடுகிறார்கள். சித்திரவதை செய்து, ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைத்துவிடுகிறது சர்க்கார். ஏன் இத்தனை கோபம்? மனிதன் மனிதன் மேல் வைக்கும் பாசம், கட்சி மேல் வைக்க வேண்டிய பக்தியைத் தின்றுவிடுமாம்.

நம் நாட்டில் அப்படிக் கமிட்டி இல்லை. ஆனால் நோட்டீசு உண்டு.

சாலவாக்கத்துப் பெண் ஒருத்தி வேறு மதத்து வாலிபரை மணக்க விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மதம் மாற மனம் இல்லை. அவர்களுக்கு உள்ள வழி 1954-ம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம். மதம் எதுவானாலும் மணக்கலாம் என்று சொன்ன நல்ல சட்டம். ஆனால் முதலில் மனுக் கொடுக்க வேண்டும். பெயர், வயது, தொழில், விலாசம் எல்லாம் அதில் இருக்கும். அதை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். முப்பது நாளுக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் சொல்லலாம்.

பெண்ணின் சொந்த ஊர் வேறு மாவட்டமானால் அங்கேயும் ஒரு நகல் போகும். பிறகு கேட்க வேண்டுமா? டீக்கடைக்குச் செய்தி வந்துவிடும். சாதிக்காகப் பெற்ற பிள்ளையையே வெட்டுகிற நாட்டில், முப்பது நாள் என்பது நீண்ட காலம்.

முதல் தாரத்தை மறைத்து ஏமாற்றுகிறவன் இருப்பானே, அதற்குத்தான் நோட்டீசு என்பார்கள். நியாயமான கவலைதான். ஆனால் கோயிலில் தாலி கட்டுகிறவனிடம் யாரும் முப்பது நாள் நோட்டீசு கேட்பதில்லையே! அவன் மட்டும் ஏமாற்ற மாட்டானா? வயதையும் பழைய மணத்தையும் அதிகாரியே விசாரிக்கட்டும். ஊருக்குத் தண்டோரா எதற்கு?

சாலவாக்கம் இருக்கும் தாலுகாவின் தலைநகரான உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. குடவோலைத் தேர்தலுக்கு அவை சொல்லும் விதியைக் கேளுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது. அவன் மட்டுமா? அவன் அப்பா, பிள்ளை, மருமகன், தாய்மாமன், சித்தி பிள்ளை, அத்தை பிள்ளை வரை கூடாது! தகாத உறவு கொண்டவர்களுக்கும் தடை உண்டு. ஆக, அதிகாரம் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது புதிது அல்ல. ஆனால் உறவுக்காரரை விலக்கியது பொதுப் பணத்தைக் காக்க. பதவி கேட்டு வந்தவரைத்தான் அது சோதித்தது. சாலவாக்கத்துப் பெண் எந்தப் பதவியையும் கேட்கவில்லை.

2021 ஜனவரியில் அலகாபாத் உயர்நீதிமன்றம் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. மணமக்கள் விரும்பினால் மட்டும் நோட்டீசை வெளியிட்டால் போதும் என்றது. அது உத்தரப் பிரதேசத்துக் கோர்ட்டு. தமிழ்நாட்டுப் பெண்ணுக்கு அது போதாது.

தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தத் தெரியாத மாநிலம் அல்ல. 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். அதுவரை கோர்ட்டில் செல்லாது எனப்பட்ட சுயமரியாதைத் திருமணங்கள் செல்லும் என்று ஆயின. மாலை மாற்றினாலே போதும். மந்திரம் வேண்டாம், நோட்டீசும் வேண்டாம். ஆனால் இருவரும் இந்துவாக இருக்க வேண்டும். மதம் தாண்டுகிறவர்களுக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

1967-ல் செய்தது போலவே சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றி, ஜனாதிபதியின் ஒப்புதலுக்கு அனுப்பலாம். சுவரில் ஒட்டும் அந்தக் காகிதத்தை முதலில் எடுக்கட்டும்.