திறவுகோல் யார் கையில்?

பெட்டியைப் பூட்டித் திறவுகோலை அயலான் கையிற் கொடுத்துவிட்டு, 'என் பொருள் காவலாக உள்ளது' என்று ஒருவன் கூறுவானாயின், அவனை நாம் என்னென்போம்? பேதை என்போம். ஆனால் இன்று கற்றோரும் கல்லாதோரும், ஆசிரியரும் மருத்துவரும், அலுவலரும் வணிகரும் ஆகிய நாமனைவரும் அப் பேதைமையைத்தான் நாள்தோறும் செய்து வருகின்றோம். கைப்பேசியில் எடுக்கும் ஒளிப்படம், எழுதும் மடல், குடும்பக் கணக்கு, நாட்குறிப்பு, மருத்துவ அறிக்கை, நிலத்தின் ஆவணம் ஆகிய யாவும், நாம் அறிந்தும் அறியாமலும், 'முகிற் சேமிப்பு' என்னும் பெயரால் அயல்நாட்டுப் பெருநிறுவனங்களின் கிடங்குகளிற் சென்று குவிகின்றன. அவற்றுக்குப் பூட்டு இல்லையென்று கூறுவதற்கில்லை. பூட்டு உண்டு. அதன் திறவுகோல் யார் கையில் உள்ளது என்பதே வினா.

முதற்கண் அப் பெயரையே எண்ணிப் பார்க்க. முகில் வானத்தது, ஒருவர்க்கென உரிமையாகாதது, எல்லார்க்கும் பொதுவாகப் பொழிவது. இதுவோ வானத்தில் இல்லை. மண்ணின்மேல், மதில் சூழ்ந்த பெருங்கட்டடங்களில், ஆயிரக்கணக்கான கணினிகள் அடுக்கடுக்காய் நின்று, இரவும் பகலும் மின்னாற்றலை உண்டு இயங்கும் கிடங்கே இது. இதற்கு உரிமையாளர் உண்டு, ஊழியர் உண்டு, அவ்வுரிமையாளரை ஆளும் அரசும் சட்டமும் உண்டு. 'முகிலில் வைத்தேன்' என்பதன் நேர்ப்பொருள் 'பிறனொருவன் கணினியில் வைத்தேன்' என்பதேயாம். சொல் பொருளை விளக்குதற்கு உரியது, மறைத்தற்கு உரியதன்று. இப் பெயரோ மறைக்கின்றது.

பொதுவாக இந் நிறுவனங்கள், நம் கோப்புகளைப் பிறர் படிக்கவியலாத மறைகுறிகளாக மாற்றியே வைக்கின்றன. ஆயினும் அம் மறைகுறியை அவிழ்க்கும் திறவுகோலையும் பெரும்பாலும் தாமே வைத்திருக்கின்றன. இதன் விளைவு மூன்று. நிறுவனம் வேண்டும்போது திறக்கலாம். ஊழியர் பிழை செய்தால் தானே திறந்துகொள்ளும். அரசு சட்டப்படி கேட்டால் திறந்தாக வேண்டும். இவை வெற்றச்சமல்ல, மூன்றும் நிகழ்ந்துள்ளன.

2012-இல் மைக்ரோசாப்டு நிறுவனம், தன் விண்டோசு மென்பொருளின் கமுக்கங்களை வெளியிட்டவர் யாரெனக் கண்டறிய, தன்னிடம் மின்னஞ்சற் பெட்டி வைத்திருந்த ஓர் எழுத்தாளரின் மடல்களைத் தானே திறந்து பார்த்தது. அறமன்றத்தின் ஆணை எதனையும் அது பெறவில்லை. 2014 மார்ச்சில் இச்செய்தி வெளிப்பட்டபோது, எம் ஒப்பந்த விதிகள் இதற்கு இடந்தருகின்றன என்றே அந்நிறுவனம் முதலில் விடையிறுத்தது. கண்டனம் மிகுந்த பின்னரே, இனி இத்தகையவற்றைக் காவல்துறையிடம் விடுவதாக அறிவித்தது. நாம் படியாது ஒப்பமிடும் அந் நீண்ட விதிகளின் ஆற்றல் இத்தகையது!

2011 சூன் 19-ஆம் நாள் டிராப்பாக்சு நிறுவனத்தில் நேர்ந்த ஒரு நிரற்பிழையால், ஏறத்தாழ நான்கு மணிநேரம், எக் கடவுச்சொல்லை இட்டாலும் கணக்குகள் திறந்துகொண்டன. கள்வன் எவனும் பூட்டை உடைக்கவில்லை. காவலாளியே கதவை மறந்தான்.

அரசுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? அமெரிக்க உளவமைப்பு 'பிரிசம்' என்னும் திட்டத்தின்வழிப் பெருநிறுவனங்களிடமிருந்து மக்களின் மடல்களையும் படங்களையும் கோப்புகளையும் பெற்று வந்ததை, 2013 சூனில் எட்வர்டு சுனோடன் வெளிப்படுத்திய ஆவணங்கள் உலகறியச் செய்தன. 2018-இல் அந்நாடு இயற்றிய சட்டம், முறைப்படி ஆணை வருமாயின், கோப்பு எந்நாட்டுக் கிடங்கில் இருப்பினும் தன் நாட்டு நிறுவனங்கள் அதனை ஒப்படைக்க வேண்டும் என்கின்றது. ஆகலின், கிடங்கு நம் ஊரில் இருப்பதால் மட்டும் காவல் வந்துவிடாது.

இவற்றினும் நெஞ்சை உறுத்துவது ஒரு தந்தையின் துன்பம். 2021 பிப்பிரவரியில் சான் பிரான்சிசுகோ நகரில் அவர் தம் சிறுமகனின் மறைவிடத்தில் வீக்கங் கண்டு கலங்கினார். பெருந்தொற்றுக் காலமாகையால் மருத்துவரைத் தொலைவிலிருந்தே காணவேண்டிய நிலை. படம் எடுத்து விடுக்குமாறு செவிலியே கேட்டார், பெற்றோர் அவ்வாறே செய்தனர், மருத்துவர் மருந்தளித்தார், குழந்தை நலமுற்றது. ஆனால் அப் படங்கள் தந்தையின் கைப்பேசியிலிருந்து தாமாகவே கூகுள் கிடங்குக்குச் சென்றிருந்தன. அங்குப் படங்களை ஆராயும் பொறி, அவற்றைக் குழந்தைக்கு இழைத்த கொடுமையின் சான்றெனக் குறித்தது. இரண்டு நாளில் அவர் கணக்கு மூடப்பட்டது. பல்லாண்டு மடல்கள், மகனின் மழலைக்காலப் படங்கள், தொலைப்பேசி எண் யாவும் ஒருங்கே போயின. முறையீடு தள்ளப்பட்டது. காவலர், அவர் தேடியவை, சென்ற இடங்கள், எழுதியவை, எடுத்த படங்கள் அனைத்தையும் ஆணையின்வழிப் பெற்று ஆராய்ந்து, குற்றமேதும் இல்லையென முடிவு கட்டினர். 2022 ஆகசுட்டில் நியூயார்க்கு டைம்சு நாளிதழ் இதனை வெளியிட்டபோதும், நிறுவனம் அவர் கணக்கைத் திருப்பித் தர மறுத்தே நின்றது. முறைப்படி ஆராய்ந்த காவலர் விடுவித்தனர். முறையின்றி ஆராய்ந்த நிறுவனம் ஒறுத்தது!

'அவ்வாறாயின், குழந்தைகளைச் சீரழிக்கும் கொடியோரைக் கண்டுபிடிக்க வேண்டாவா?' என்று கேட்பர். கட்டாயம் வேண்டும். இத்தகைய ஆய்வால் மெய்யான கொடியோரும் அகப்பட்டுள்ளனர் என்பதை மறைத்தல் அறமன்று. ஆனால் ஒன்றை எண்ணுக. முன்பு ஒருவன்மேல் ஐயம் பிறந்தபின் ஆணை பெற்று அவன் வீட்டைச் சோதித்தனர். இன்று எல்லார் வீட்டையும் சோதித்தபின் ஐயம் பிறக்கின்றது. 'மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அச்சம் ஏன்?' என்பாரும் உளர். அத் தந்தையிடம் மறைக்கத்தக்க குற்றம் என்ன இருந்தது? மானத்தைக் காப்பது வேறு. குற்றத்தை மறைப்பது வேறு. வீட்டுக்குக் கதவு வைப்பவரெல்லாம் கள்வராவரோ?

இவ்விடத்து என் தவற்றையும் கூறுதல் கடன். வகுப்பாசிரியனாகிய யான், உதவித்தொகை விண்ணப்பங்களுக்காக மாணவர்தம் ஆதார் அட்டை, சாதிச் சான்று, வருமானச் சான்று, வைப்பகக் கணக்கேடு ஆகியவற்றை என் கைப்பேசியிற் படமெடுத்தேன். வேலை முடிந்தது, மறந்தேன். மூன்றாண்டு கழித்து, 'இடம் நிறைந்தது' என்று கைப்பேசி அறிவிக்க, பழைய மாணவரொருவர் வந்து திறந்து காட்டினார். நாற்பது குடும்பங்களின் மறைவெல்லாம், யான் ஒருகாலும் காணாத கிடங்கொன்றில் என் பெயரால் அடுக்கப்பட்டிருந்தன! 'ஐயா கையில் இருக்கட்டும்' என்று நம்பித் தந்த தாள்கள் அவை. என் பொருளை யான் எங்கும் வைக்கலாம். பிறர் பொருளை அவ்வாறு வைக்க எனக்கு உரிமை ஏது? அன்றிரவே அவற்றை அழித்தேன். ஆனால் நாடெங்கும் எத்துணை ஆசிரியர், எத்துணை மருத்துவர், எத்துணை வழக்கறிஞர் என்னைப் போல் மறந்திருக்கின்றனரோ!

சட்டம் காக்காதா எனின், ஓரளவே காக்கும். 2017 ஆகசுட்டு 24-இல் இந்திய உச்ச அறமன்றத்தின் ஒன்பது நடுவர், தனிமறை உரிமை அடிப்படை உரிமையே என ஒருமனமாகத் தீர்த்தனர். ஆனால் 2023-இல் வந்த தரவுக் காப்புச் சட்டமோ, நடுவணரசு தான் அறிவிக்கும் அரசமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்க இடம் வைத்துள்ளது. வேலியே தனக்கொரு வாயில் வைத்துக்கொண்டது.

ஆகலின் செய்யத்தக்கன சில. கோப்புகள் தாமாகச் செல்லும் வழியைக் கைப்பேசியில் அடைத்து, விடுக்க வேண்டியவற்றை மட்டும் நாமே தேர்ந்து விடுக்க வேண்டும். மறைவானவற்றை நம் கணினியிலேயே பூட்டிய பின்னரே கிடங்குக்கு விடுக்க வேண்டும். இதற்குக் கிரிப்டோமேட்டர், வெராகிரிப்டு போலும் திறந்த மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றின் கடவுச்சொல்லை இழப்பின் மீட்டுத் தருவார் ஒருவருமிலர் என்பதையும் நினைவிற் கொள்க. தன்னுரிமையின் விலை அது. அரியவற்றின் படியொன்று நம் வீட்டு வட்டிலும் இருத்தல் வேண்டும். கணக்கு மூடப்பட்டாலும் வாழ்வு மூடப்படாது. பிறர் ஆவணங்களைப் பணி முடிந்த அன்றே அழித்தல் வேண்டும்.

இம்முறையின் வலிமையை அறியவேண்டின் ஆட்சியாளரின் கலக்கத்தைக் காண்க. ஆப்பிள் நிறுவனம் 2022 திசம்பரில், விரும்புவோர் தம் கோப்புகளுட் பெரும்பாலானவற்றின் திறவுகோலைத் தாமே வைத்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கொணர்ந்தது. அவற்றைத் திறக்க வழிசெய்யுமாறு பிரித்தானிய அரசு கமுக்க ஆணை விடுத்ததாக 2025 பிப்பிரவரியில் செய்திகள் வந்தன. அத்திங்களிலேயே அந்நிறுவனம் அந்நாட்டில் அவ்வேற்பாட்டைப் புதியோர்க்குத் தருவதை நிறுத்தியது. திறவுகோல் நிறுவனத்தின் கையில் இருந்தவரை அவ்வரசுக்கு அத்தகைய ஆணை வேண்டியிருக்கவில்லை. மக்கள் கைக்கு வந்ததும் வேண்டியிருந்தது. இதனினும் தெளிவான சான்று வேறு யாது?

நிறுவனத்தார் நல்லவரா தீயவரா என்பதன்று வினா. நல்லவர் நாளை மாறலாம், நிறுவனம் விலைபோகலாம், அரசு மாறலாம். பிறர் நன்மையை நம்பி நிற்கும் காவல் காவலன்று, அஃது இரவல். இன்றிரவே நும் கைப்பேசியை எடுத்து, எவையெவை எங்குச் சென்றுள்ளன எனப் பார்மின்! பூட்டுவது நம் கையாயின், திறவுகோலும் நம் கையிலேயே இருக்கட்டும்!