முப்பது பேருக்கு ஒரு ஆயா

படுக்கைப் புண் நரை மாதிரியாம். வயதானால் தானாக வந்துவிடுமாம். முதியோர் இல்லம் நடத்தும் அன்பர் ஒருவர் ஒரு கட்டுரையில் இப்படி எழுதியிருக்கிறார். இதுவும் பழைய கதைதான். நரம்பு கெட்டால் புண் வந்தே தீரும் என்று 19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் ஷார்கோவே சொன்னார். நரம்பியலின் பிதாமகர், ஆனாலும் தவறு. தண்டுவடம் துண்டிக்கப்பட்ட கினிப் பன்றிகளைச் சுத்தமாகவும், ஒரே இடத்தில் அழுந்தாமலும் வைத்திருந்தால் புண் வருவதில்லை என்று உடலியலாளர் பிரௌன்-சேக்கார் அவருக்கு முன்பே காட்டியிருந்தார்.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்குகிறது, ரத்த ஓட்டம் நிற்கிறது, சில மணி நேரத்தில் சதை சாகத் தொடங்குகிறது. வால் எலும்பு, குதிகால், இடுப்பு ஆகியவைதான் முதல் பலி. தொடக்கத்தில் வெறும் சிவப்பு; விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. நம் கறுப்புத் தோலில் அதுகூடத் தெரியாது, தொட்டுப் பார்த்தால்தான் சூடோ கெட்டித்தன்மையோ கைக்குத் தட்டுப்படும். பெரும்பாலும் அப்போதே அழுத்தத்தை விலக்கினால் போதும். அது எலும்பு தெரியும் குழியாகும் வரை யாரும் புடவையை விலக்கிப் பார்க்கவில்லை என்றால், அதற்குப் பெயர் வயோதிகமா? மரணப் படுக்கையில் இருப்பவருக்கு எவ்வளவு பார்த்தாலும் புண் வரலாம், ஒப்புக்கொள்கிறேன். அந்த விதிவிலக்கை எல்லாக் கட்டிலிலும் எழுதி மாட்டுவதுதான் அயோக்கியத்தனம்.

‘இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லோரையும் புரட்டிப் படுக்கவைக்கிறோம், பதிவேடு இருக்கிறது’ என்கிறார் அந்த அன்பர். அதே கட்டுரையில், ‘இரவில் 30 பேருக்கு ஒரு ஆயாதான் கட்டுப்படியாகிறது’ என்றும் புலம்புகிறார். ஒருவரைப் புரட்டி, நனைந்த டயப்பரை மாற்றி, முதுகுக்குத் தலையணை கொடுக்க ஐந்து நிமிடம் என்று தாராளமாக வைத்தாலும், முப்பது பேருக்கு இரண்டரை மணி நேரம். முதல் சுற்று முடியும் முன்பே இரண்டாவது சுற்றுக்கு நேரமாகிவிடுகிறது. கனமான உடம்பென்றால் புரட்டவே இரண்டு பேர் வேண்டும். பிறகு அந்தப் பதிவேட்டில் டிக் போட்டது யார்? விடியற்காலையில் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் போட்ட டிக் எப்படியிருக்கும் என்று வார்டில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். ஆயாவைக் குறை சொல்லவில்லை; அவளை அங்கே தனியாக நிறுத்தியவரைச் சொல்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் அரச விசாரணை ஆணையம் முதியோர் பராமரிப்பு பற்றி 2019இல் தந்த இடைக்கால அறிக்கையின் தலைப்பே ‘புறக்கணிப்பு’. ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 200 நிமிடக் கவனிப்பு என்று 2023 அக்டோபரில் அங்கே கட்டாயமாக்கினார்கள். முப்பதுக்கு ஒன்று என்று பெருமூச்சு விடுபவருக்கு இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

கடைசியாக, ‘பெற்றோரைக் கொண்டுவந்து தள்ளிய பிள்ளைகளுக்குப் புகார் சொல்ல என்ன யோக்கியதை?’ என்கிறார். இல்லை என்றே வைத்துக்கொள்வோம். புண் பிள்ளைக்கு வரவில்லையே ஐயா. மாதாமாதம் அவர்களிடம் பணம் வாங்கும்போது இந்த யோக்கியதைக் கேள்வி எழவில்லையா?

வாசகர்களே, அடுத்த முறை முதியோர் இல்லத்துக்குப் போகும்போது வரவேற்பறையில் காபி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டில் வரை போய்ப் போர்வையை விலக்கி, குதிகாலையும் வால் எலும்பையும் பாருங்கள். இரவு டியூட்டியில் எத்தனை பேர் என்று கேளுங்கள். பார்க்க விடவில்லை என்றால், அன்றைக்கே வேறு இடம் தேடுங்கள்.